கல்லொட்டி பறக்கும் வருடம்

பிப்ரவரி 3

தம்பிக்கு, அண்ணன் சொல்லி எழுதுவது.

என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி, நான் சொல்வதைக் கேட்பதில்லை. உனக்குப் போன குளிரில் பிடித்த சளி விட்டதா? மூன்றாவது மாடியில் காற்று வருகிறதா?

இதை எழுதிக்கொடுப்பது இங்கே வானிலை நிலையத்தில் இருக்கும் அம்மா. மழையை அளக்கிறவர் என்பதால் நான் மழைக்காரம்மா என்று கூப்பிடுகிறேன். அவருக்குக் கோபமில்லை. முன்பு எழுதித்தந்த சாலை மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஒரு வருடமாக என்னிடமிருந்து கடிதம் வராததற்கு அதுதான் காரணம். உன்னிடமிருந்து வராததற்கு என்ன காரணம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கணவாயில் என் காவல் குடிலின் கதவில் போன வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். குடிலுக்கு மேலே இருக்கும் புல் சரிவு முழுக்க, வருகிற செப்டம்பரில் குழி வெட்டி மரம் நடப்போகிறார்களாம். அது யாருக்கும் எதற்கும் பயன்படாத தரிசாம். கூடவே பழைய வரைபடத்தின் நகல் ஒன்று ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் வரைபடத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைசியில் வால் மாதிரி இழுத்து மேலே சுழிப்பாயே, அதே சுழி. மழைக்காரம்மாவிடம், "இது என் தம்பி போட்டது" என்றேன். அவர் நம்பவில்லை. பெயரைப் படித்த பிறகுதான் நம்பினார்.

அந்தச் சரிவில் கல்லொட்டி இருக்கிறது. உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பழுப்பு நிறத்தில், சிறகில் ஒரே ஒரு கண்ணோடு இருக்கும் பட்டாம்பூச்சி. வெயில் அடித்தால் புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பறக்கும், அதற்கு மேல் போனால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். மேகம் வந்து மறைத்தால், விளக்கை அணைத்தது போல அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எது கல், எது பூச்சி என்று தெரியாது. இந்த மலையில் வேறெங்கும் அது இல்லை.

தப்பு என்மேல்தான். போன வருடம் ஜூன் மாதம் ஓர் அதிகாரி வந்தார். "பெரியவரே, இந்த வருஷம் எத்தனை பூச்சி பார்த்தீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லைங்க" என்றேன். உண்மை அதுதான். குறித்துக்கொண்டு போய்விட்டார். இங்கே குளிர் அதிகம் என்பதால் புழு வளர இரண்டு வருடம் ஆகும். ஒரு வருடம் பறக்கும், ஒரு வருடம் புல்லின் அடியில் புழுவாகக் கிடக்கும். அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டார்களாம்.

இது பறக்கும் வருடம். ஜூனில் நீ வா. பார்த்து, உன் கையால் வரைந்து, அந்தச் சுழியோடு ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடு. என் பேச்சைக் கேட்காதவர்கள் உன் காகிதத்தைக் கேட்பார்கள்.

படுக்கை இரண்டு இருக்கிறது. கம்பளி ஒன்றுதான். அதை நீ வைத்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 24

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். சளி விட்டுவிட்டது. முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கவும்.

தாங்கள் குறிப்பிடும் வரைபடத் தாள் மூன்று நிலைகளில் சரிபார்க்கப்பட்டது. என் முப்பத்துநான்கு வருடப் பணியில் திருத்தம் கோரித் திரும்பி வந்த தாள் ஒன்றுகூட இல்லை. இப்போதும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அலுவலகச் சுவரில் என் தாளைத்தான் மாட்டிவைத்திருக்கிறார்கள். நில வகைகளில் காடு, பயிர் நிலம், நீர்நிலை, பாறை, தரிசு என்று ஐந்துதான் உண்டு. புல் என்று தனி வகை இல்லை. ஆகவே தரிசு என்று குறித்ததில் விதிப்படி தவறில்லை.

ஜூனில் வருவது பற்றி இப்போது சொல்ல முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு வேலை நடக்கிறது. மரம் நடுவது நல்ல காரியம்தானே என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

குடிலில் அடுப்புப் புகை வெளியே போகிறதா? கவனமாக இருக்கவும்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு அண்ணன்.

சுகமாக இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் அசரவில்லை. புகை ஒழுங்காகப் போகிறது. படிக்கட்டு வேலை பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நடக்கும் என்றால் அது படிக்கட்டா, கோபுரமா?

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை மழைக்காரம்மா இரண்டு முறை படித்துக் காட்டினார். "உங்க தம்பி ஆபீசுக்கு எழுதின மாதிரியே எழுதறாரே" என்றார். அவன் சின்ன வயதில் என்னிடம் அடி வாங்கும்போதுகூட அப்படித்தான் பேசுவான் என்றேன்.

மரம் நல்லதுதான். நான் மரத்துக்கு விரோதி இல்லை. ஆனால் அந்தப் புழுவுக்கு அந்தப் புல்லும் வேண்டும், புல்லின்மேல் வெயிலும் வேண்டும். மரம் நின்றால் நிழல். நிழலில் அது இரண்டு குளிர்காலம் தாங்காது.

இருபது வருடத்துக்கு முன் பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து, எப்படி எண்ணுவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். சரிவின் ஓரத்திலிருந்து ஓடை வரைக்கும் ஒரே தடத்தில் நடக்க வேண்டும். வலது பையில் சின்னக் கற்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பூச்சியைப் பார்த்தால் ஒரு கல்லை இடது பைக்கு மாற்ற வேண்டும். மேகம் மறைத்தால் அப்படியே நிற்க வேண்டும், ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. வெயில் திரும்பியதும் நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும். சில சமயம் ஒரு மணி நேரம் நிற்பேன். வழிப்போக்கர்கள் பார்த்தால் சோளக்கொல்லைப் பொம்மை என்று நினைத்துக்கொள்வார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் முந்நூற்று நாற்பது. அதற்கு அடுத்த வருடம் இரண்டு, அவை வருடம் தெரியாமல் பிறந்தவை. ஆறு வருடத்துக்கு முன் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. நான்கு வருடத்துக்கு முன் இருநூற்று ஐம்பத்தொன்று. அதற்கடுத்த முறை இருநூற்று அறுபது. ஆராய்ச்சிக்காரர் வருவது நின்று ஆறு வருடமாகிறது. அவருடைய நோட்டுகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் எண்ணினால் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது.

வரைபடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே உட்கார்ந்து யோசித்துப் பார். அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

நலம். தங்கள் கடிதம் கண்டேன். வேலை அதிகம். ஜூனில் முடிந்தால் பார்க்கலாம். கம்பளி எனக்கு வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

தம்பி

*

மே 6

தம்பிக்கு அண்ணன் சொல்வது.

நான் சுகம். பனி உருகிவிட்டது. ஓடைச் சத்தம் காதை அடைக்கிறது.

ஓய்வு பெற்றுப் பத்து வருடமான உனக்கு என்ன வேலை அதிகம் என்று மழைக்காரம்மா கேட்டார். பதில் தெரியாததால் உன் கடிதங்கள் மூன்றையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினேன். மூன்றாவது, போன வருடத்துக்கு முந்திய வருடம் நீ எழுதியது. எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். அந்தப் பழைய கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு முப்பத்தோரு வரி. பிப்ரவரியில் வந்ததில் பத்தொன்பது. இப்போது வந்ததில், பக்கம் முழுக்க நீ எழுதியும், எட்டே வரி. எழுத்து ஒவ்வொன்றும் வண்டுபோலப் பெருத்திருக்கிறது. கடைசி இரண்டு வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கிறது. உன் கோடு எந்தக் காலத்தில் கோணியது? அளவுகோல் இல்லாமலே நேராக இழுக்கிற கை அது.

உன் கண்ணுக்கு என்ன?

அதை மட்டும் எழுது. ஜூனில் வருவதையும் வராததையும் பிறகு பேசுவோம்.

இங்கே நான்கு பேர் வந்து சரிவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று அடிக்கு ஒரு குழியாம். நான் அதில் ஒரு கோட்டை அழித்தேன். பிறகு அது சரியில்லை என்று தோன்றியது. நானே சுண்ணாம்பு கரைத்துத் திரும்பப் போட்டுவைத்தேன். அவர்கள் போட்டதைவிட நேராக இருக்கிறது.

பதில் போடு.

அண்ணன்

*

ஜூன் 12

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை பேருந்துக்கு நின்றேன். அதற்கு முந்திய வியாழக்கிழமையும் நின்றேன். ஓட்டுநர் இறங்கி, "யாருக்காக நிக்கறீங்க?" என்று கேட்டார். "சும்மா" என்றேன். "சும்மா நிக்கறவர் சட்டை மாத்திட்டா வருவார்?" என்றார். இந்த ஆட்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

ஒன்பதாம் தேதி காலையில் முதல் கல்லொட்டியைப் பார்த்தேன். பெரிய வெள்ளைப் பாறைக்குப் பக்கத்தில், புல்லில் ஏறி நின்று சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. குளிரில் அதற்குப் பறக்க வராது. வெயில் பக்கமாக உடம்பை ஒருக்களித்துச் சாய்த்துக்கொள்ளும், நாற்காலியில் தூங்குகிறவர் சாய்வது போல. சூடு ஏறியதும் ஒரு நடுக்கம். பிறகு போய்விடும். பன்னிரண்டு நாள், மிஞ்சினால் பதினைந்து நாள்தான் அதற்கு. அந்த நாளிலும் பாதி மேகத்தில் போய்விடுகிறது.

நேற்று நடந்தேன். தடத்தின் நடுவில் மேகம் வந்துவிட்டது. நின்றேன். முழுக்க வெண்மை. என் கையே எனக்குத் தெரியவில்லை. என்னைச் சுற்றி இருபது முப்பது பூச்சிகள் கல்லில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன என்று தெரியும், ஒன்றையும் பார்க்க முடியாது. நீயும் உன் அறையில் இப்படித்தான் நிற்கிறாயோ என்று நினைத்தேன். மழைக்காரம்மா இதை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இன்னும் பதினைந்து நாளாவது இருக்கும். வருவதானால் வா. பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

*

ஜூலை 1

தம்பிக்கு,

பறப்பது முடிந்துவிட்டது. இருநூற்றுப் பதினான்கு.

அதிகாரி வந்தார். எண்ணிக்கையைச் சொன்னேன். "போன வருஷம் ஒண்ணுமில்லைன்னீங்க, இந்த வருஷம் இருநூத்திப் பதினாலுங்கறீங்க. ரெண்டுல எது பொய்?" என்று கேட்டார். "ரெண்டும் நிஜம்" என்றேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, அவர் கெட்டவர் இல்லை. "பெரியவரே, உங்க பேச்சை நான் நம்பினாலும் ஆபீஸ் நம்பாது. இந்தப் படத்துல கையெழுத்துப் போட்டவர் தப்புன்னு சொன்னா மட்டும்தான் நிறுத்த முடியும்" என்றார்.

அவர் போனதும் சரிவுக்கு ஏறினேன்.

கீழ்ப் பக்கத்தில் குழி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். செப்டம்பர் வரைகூடப் பொறுக்கவில்லை. புல்லை மண்ணோடு பெயர்த்து ஓரமாகக் கவிழ்த்துப் போடுகிறார்கள். அதில் முட்டைகள் இருக்கும்.

நான் சுகம். நீ சுகமா இல்லையா என்று தெரியாது.

அண்ணன்

*

ஜூலை 29

அண்ணா,

இதை எழுதுகிறவர் கீழ்த்தளத்தில் இருக்கும் தையல்காரர். நான் சொல்ல அவர் எழுதுகிறார். உனக்கு இது பழக்கம், எனக்குப் புதிது. எழுதும்போது உன்னை எப்போதும் ‘தாங்கள்’ என்றுதான் எழுதினேன். வாயால் சொல்லும்போது ‘நீ’ என்றுதான் வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்துவிட்டது. ஒன்றரை வருடமாகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது தெரியாது, ஓரம் மட்டும் தெரியும். யார் வந்து நின்றாலும் இரண்டு காதுதான் தெரிகிறது. மூன்று பூதக்கண்ணாடி வைத்திருந்தேன், இப்போது மூன்றும் பயனில்லை. மருந்தில்லை என்றார் மருத்துவர். படிக்கட்டு வேலை எதுவும் நடக்கவில்லை. படிக்கட்டில் இறங்கத்தான் முடியவில்லை. உன் கடிதங்களைத் தையல்காரர்தான் படிக்கிறார். ஜூன் மாதக் கடிதத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டேன்.

இனி மற்றது. இதைச் சொல்லும்போது தையல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன், அந்தத் தாளுக்காக நாம் கூடாரம் போட்டோம். நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கும் வேலைக்கு உன்னை நான்தான் சேர்த்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவன் ஒவ்வொரு சரிவையும் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சரிவுக்கு நான் போகவில்லை. உன்னை மேலே அனுப்பிவிட்டுக் கூடாரத்திலேயே இருந்தேன். கீழே இருந்தபடியே தரிசு என்று போட்டேன். ‘நேரில் கண்டது’ என்று அதன்கீழ் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இது உனக்குத் தெரியும். ஆறு மாதமாக நீ அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் இதில் எழுதியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தேன். நீ என்னைப் படிக்கட்டைப் பற்றிக் கேலி செய்தாய், சாப்பிடச் சொன்னாய். அதைத் தாங்குவதைவிட நீ திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். நான் நேரில் காணவில்லை, அந்தக் குறிப்பு செல்லாது என்று. எப்போது செய்திருக்க வேண்டியதை எப்போது செய்கிறேன் பார். ஜூனில் அந்த மலைக்கு வந்திருந்தால்கூட நான் எதையும் பார்த்திருக்க மாட்டேன். இரண்டாவது முறையும் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் வரவில்லை. அதையாவது நம்பு.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஆகஸ்ட் 10

தம்பிக்கு அண்ணன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மழைக்காரம்மா படித்து முடித்துவிட்டு, கருவிகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அது கருவி பார்க்கும் நேரம் இல்லை. என்னைத் தனியாக விட வேண்டும் என்று போனார்.

உன்னை நம்புகிறேன்.

நான் சொல்லாததற்குக் காரணம் உன்மேல் இருந்த பாசம் மட்டும் என்று நினைத்துவிடாதே. என்னிடமும் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுத்தில் வந்துவிட்டால் அது அழியாமல் நின்றுவிடும் என்று பயம்.

அன்றைக்கு நீ என் கையில் இரண்டு கொடி கொடுத்தாய். "மேல போய்ப் பாரு. மரம் இருந்தா சிவப்பை ஆட்டு. மரம் இல்லைன்னா வெள்ளையை ஆட்டு" என்றாய். ஏறினேன். மழை நின்று, மேகம் கிழிந்து வெயில் அடித்தது. முழங்கால் வரை புல். அது பறக்கும் வருடம். அப்போது கல்லொட்டி என்ற பெயரெல்லாம் நான் வைக்கவில்லை, ஆனால் பூச்சிகள் என் காலைச் சுற்றிப் புழுதி மாதிரி எழும்பின. அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்று வந்து வெள்ளைக் கொடியின் துணியிலேயே உட்கார்ந்தது. சிறகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மரம் இருக்கிறதா என்று கேட்டாய். மரம் இல்லை. பூச்சியை உதறிவிட்டு வெள்ளையை ஆட்டினேன்.

இரண்டு கொடியையும் சேர்த்து ஆட்டியிருக்கலாம். என்னமோ ஏதோ என்று நீ மேலே ஏறி வந்திருப்பாய். எனக்கும் தோன்றியது, தம்பி. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் கூலியாள், நீ கையெழுத்துப் போடுகிறவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று நினைத்தேன். போன வருடமும் அதையேதான் அதிகாரியிடம் செய்தேன். நீ ஒரு தடவை செய்தாய், நான் இரண்டு தடவை.

ஆகையால் உன் பங்கு மட்டும் பெரிது என்று சுமக்காதே. தையல்காரரிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 28

தம்பிக்கு,

அதிகாரி வந்து போனார். உன் கடிதம் கையெழுத்தில் ஒத்துப்போகவில்லையாம். எழுத்து வேறொருவருடையது, கீழே போட்ட கையெழுத்தும் பழையது மாதிரி இல்லை. செப்டம்பர் பதினைந்தாம் தேதிக்குள் நீ நேரில் போய் அலுவலகத்தில் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் மேல்பாதியும் குழிதான். உனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்திருக்கும். நீ எனக்கு எழுத மாட்டாய், எனக்குத் தெரியும்.

நாளை வியாழக்கிழமை. நான் வருகிறேன். பதினோரு வருடமாக இந்தக் கணவாயைவிட்டு இறங்கவில்லை. உன் முகவரி எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்தியிருக்கிறேன்.

இந்தக் கடிதமும் நானும் ஒரே பேருந்தில்தான் இறங்குகிறோம். ஆனால் அது வழியில் ஒவ்வொரு தபால் நிலையத்திலும் படுத்து எழுந்து வர ஒன்பது நாளாகும், நான் இரண்டு நாளில் வந்துவிடுவேன். பிறகு எதற்குக் கடிதம் என்று மழைக்காரம்மா கேட்டார். சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது மரியாதை இல்லையே.

சுகமாக இரு.

அண்ணன்

*

செப்டம்பர் 14

மழைக்காரம்மாவுக்கு வணக்கம். காவல் குடில் பெரியவர் சொல்லி எழுதுவது.

இத்தனை நாள் என் கடிதத்தை எழுதின உங்களுக்கே கடிதம் போடுவது ஒரு மாதிரியாக இருக்கிறது. நீங்கள் சுகமா? நான் சுகம். இங்கே சூடு அதிகம். முழங்கால் மட்டும் இந்த ஊரில் பேச்சைக் கேட்கிறது.

இதைத் தையல் கடையில், துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து சொல்கிறேன். தம்பி மேலே இருக்கிறான். அவன் காதில் விழக் கூடாதது ஒன்று இதில் இருக்கிறது.

நான் போய்க் கதவைத் தட்டியதும் "யாரு?" என்றான். "நான்தான்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி என்னைப் பார்த்தான். "காது பெருசாயிடுச்சு" என்றான். அவ்வளவுதான், பதினோரு வருடத்துக்கு.

பத்தாம் தேதி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுப் படிக்கட்டு ஐம்பத்தாறு. ஒவ்வொரு படிக்கும் நான் எண் சொல்ல அவன் கால் வைத்தான். அலுவலக அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் அவனிடம் வேலை கற்றவர்கள். எழுந்து நின்றார்கள். பெரிய அதிகாரி அந்தப் பழைய தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "சார், இது உங்க கையெழுத்துதானா?" என்றார். அவன் ஓரக் கண்ணால் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

"என்னுதுதான்."

"இந்தச் சரிவுக்கு நீங்க போனீங்களா?"

"போகலை."

அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. அவராகவே ஒரு வழி எடுத்துக் கொடுத்தார். "அன்னைக்கு நல்ல மழையா இருந்திருக்கும், இல்லையா சார்?"

"மழை விட்டுடுச்சு. வெயில் வந்துடுச்சு. நான் போகலை. அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். பிறகு பெரிய அதிகாரி என்னிடம் திரும்பி, "பெரியவரே, அங்க என்னதான் இருக்கு?" என்றார்.

"புல்லு."

"வேற?"

"புல்லுதான். மத்ததெல்லாம் அதுக்குள்ள இருக்கு."

எழுதுகிறவர் புல்லுக்கு வகை எண் இல்லையே என்றார். கையால் எழுதும்படி அதிகாரி சொன்னார். தரிசு என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதினார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான். நான் அவன் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தேன். சுழி சரியாக வரவில்லை, ஆனாலும் போட்டான். அதன்கீழ் நான் பெருவிரல் வைத்தேன். மேல்பாதியில் இனிக் குழி இல்லை. வெட்டிய குழிகளை மூடி, புல்லைத் திருப்பிவைக்க ஆள் வரும். வந்தால் வேர் கீழே இருக்கும்படி வைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது, அவனுக்குத் தெரியக் கூடாதது. நாங்கள் வாசலுக்கு நடக்கும்போது பின்னால் ஒருவர் நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த தம்பியின் தாளைச் சட்டத்தோடு கழற்றினார். ஆணி கிறீச்சிட்டது. தம்பி நின்றுவிட்டான். "என்ன சத்தம்?" என்றான். "ஜன்னல்" என்றேன். நான் பார்த்ததை மாற்றிச் சொன்னது என் வயதில் அந்த ஒரு தடவைதான்.

நான் போட்ட கடிதம் ஏழாம் தேதி வந்தது. நானே கையில் வாங்கினேன். தையல்காரர் படிக்க இரண்டு பேரும் கேட்டோம். தம்பி சிரித்தான்.

பனி தொடங்குவதற்குள் மேலே வர வேண்டும் என்று பார்க்கிறேன். அவனை விட்டுவிட்டு வருவதா, கூட்டிக்கொண்டு வருவதா என்று தெரியவில்லை. கேட்டால், "நான் அங்க வந்து என்ன பார்க்கப் போறேன்?" என்கிறான். இந்த அறையில் ஒரு ஜன்னல். எதிரே ஒரு சுவர். காலையில் அவன் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, அங்க இப்போ வெயிலா இருக்குமா?" என்று கேட்பான். தெரியவில்லை என்பேன். மறுநாளும் கேட்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் கிடைக்கும் அன்றைக்குச் சரிவில் வெயிலா, மேகமா, எத்தனை மணி வரை என்று பார்த்து எழுதுங்கள். அது இங்கே வந்து சேர்வதற்குள் அந்த வெயில் போயிருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

பெரியவர்